வந்தவாசிக்கு மேலே பெய்யும் பனி

சித்திரை மாதம், பிற்பகல் நான்கு மணி. வந்தவாசியில் பாய் நெய்கிறவர்கள் வீட்டு வாசலில் கோரை காய்ந்துகொண்டிருக்கிறது. கிழித்துச் சாயம் தோய்த்த கோரை, கட்டு அவிழ்த்துப் பரப்பியபடி கிடக்கிறது. காலையிலிருந்து வெயில் ஈவிரக்கம் இல்லாமல் காய்கிறது. மேற்கே, ஜவ்வாது மலைப் பக்கம், உச்சிப்பொழுதில் பஞ்சுப் பொதி போல நின்றிருந்த மேகம் இப்போது தலையை விரித்துவிட்டது. அதன் அடிப்பக்கம் கறுத்திருக்கிறது. ஊருக்குள் ஒரு சொட்டு மழை கிடையாது. அனல் காற்று சட்டென்று நிற்கிறது. ஒரு நிமிஷம் இலைகூட அசையவில்லை. அப்புறம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு, மண்வாசனையோடு, உடம்பைச் சிலிர்க்க வைக்கிற ஒரு ஜில் காற்று தெருவுக்குள் நுழைகிறது.

“அக்கா, கோரைய அள்ளுங்க, காத்து மாறிடுச்சு!” என்று எதிர்வீட்டுக் குரல் கேட்கிறது. அதற்குள் தெரு முழுக்க ஓட்டம்தான். நனைந்த கோரை நிறம் மங்கும், கறை பிடிக்கும். காய வைத்த உழைப்பு அத்தனையும் வீணாகும். வானிலை அறிக்கை எதுவும் பார்க்காமலே எல்லோருக்கும் தெரியும், இன்னும் கால் மணி நேரத்தில் மழை.

அந்த ஜில் காற்று எங்கிருந்து வந்தது? மலையிலிருந்தா, கடலிலிருந்தா? மேலிருந்து வந்தது. நம் தலைக்கு நேர் மேலே பனி பெய்துகொண்டிருக்கிறது. அந்தப் பனி கரைந்து மழையாகி வரும் வழியெல்லாம் காற்றின் சூட்டைப் பிடுங்கிக்கொள்கிறது. அப்படிச் சூடு போன காற்றுதான் கோரையை அள்ளச் சொல்லித் தெருவுக்குள் வந்தது.

கோடை மழை நாளில் வந்தவாசிக்கு மேலே பனி பெய்கிறது என்று நான் சொல்வது உவமை இல்லை. கனடாவிலும் நார்வேயிலும் பெய்கிற அதே பனி, அறுகோணப் படிகங்கள் கோத்த பனி. தரைக்கு வந்து சேர்வதில்லை, அவ்வளவுதான்.

வந்தவாசிக்குப் பக்கத்தில் வெண்குன்றம் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள மலைக்குத் தவளகிரி என்று பெயர், உச்சியில் சிவன் கோயில். தவளம் என்றால் வெண்மை. நேபாளத்தில் 8,167 மீட்டர் உயரத்தில் நிற்கும் தௌலாகிரிக்கும் இதே வேர்ச்சொல்தான். அந்தத் தவளகிரி வருஷம் முழுக்கப் பனி மூடிக் கிடக்கிறது. நம் தவளகிரியில் சித்திரையில் வெறுங்காலை வைக்க முடியாது, பாறை அப்படிச் சுடும். ஆனால் அந்த உச்சியில் நின்று நேராக மேலே போக ஒரு படிக்கட்டு இருந்தால், ஐந்து கிலோமீட்டர் ஏறுவதற்குள் தண்ணீர் உறையும் குளிர் வந்துவிடும். உயரப் போகப் போக, ஒரு கிலோமீட்டருக்கு ஆறேழு டிகிரி என்ற கணக்கில் காற்று குளிர்ந்துகொண்டே போகிறது. வெப்ப நாடுகளில் பூஜ்யம் டிகிரிக் கோடு ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. வந்தவாசியிலிருந்து ஆரணிக்குப் போகிற தூரத்தில் எட்டில் ஒரு பங்கு. பஸ்ஸில் ஏறி டிக்கெட் வாங்கி முடிப்பதற்குள் கடந்துவிடுகிற தூரம். அதே தூரத்தை நிமிர்த்தி வைத்தால் அந்த முனையில் வடநாட்டுக் குளிர்காலம்.

கோடையில் இடியோடு வருகிற கார்திரள் மேகம் அந்தக் கோட்டைத் தாண்டி வெகு உயரம் போகிறது. பன்னிரண்டு, பதினைந்து கிலோமீட்டர் வரை அதன் தலை எழும்பும். தலை விரிந்து பட்டறைக்கல் போலத் தட்டையாகத் தெரிகிறதே, அந்தப் பகுதி முழுக்கப் பனிப் படிகங்கள்தான். ஆக, மேகத்தின் பெரும்பகுதி பூஜ்யம் டிகிரிக் கோட்டுக்கு மேலேதான் இருக்கிறது.

பூஜ்யம் டிகிரியைத் தாண்டியவுடன் மேகத்துளிகள் எல்லாம் உறைந்துவிடும் என்று நினைத்தால் தப்பு. பனிக்கட்டி உருவாக நீர் மூலக்கூறுகள் ஒரு ஒழுங்கில் அணிவகுத்து நிற்க வேண்டும். முதல் வரிசை நிற்பதுதான் கஷ்டம். பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாத தூய நுண்துளி, மைனஸ் 38 டிகிரி வரை கூடத் தண்ணீராகவே மிதக்கும். மீக்குளிர் நீர் என்று இதைச் சொல்கிறார்கள். அதில் ஒரு துளிக்குள் களிமண் தூசியோ, சில வகைப் பாக்டீரியாவோ அகப்பட்டால், அதையே அச்சாக வைத்துக்கொண்டு துளி உறைகிறது. கோடையில் கிளம்புகிற புழுதிக்கு மேலே இப்படி ஒரு வேலை இருக்கிறது.

உறைந்த துளிக்கும் உறையாத துளிகளுக்கும் நடுவே அதற்குப் பிறகு நடப்பதை முதலில் தெளிவாகப் பிடித்தவர் சுவீடன் நாட்டு வானிலை அறிஞர் டோர் பெர்கெரோன். 1922-இல் ஆஸ்லோவுக்கு வெளியே ஒரு குன்றின் மேல் தங்கியிருந்தபோது, பனிமூட்டத்தில் ஃபிர் மரக் காட்டு வழியே நடப்பது அவர் வழக்கம். கடுங்குளிர் நாட்களில் மரங்களுக்கு நடுவே பாதையில் மூட்டமே இல்லை. குளிர் குறைந்து பூஜ்யத்துக்கு மேலே போன நாட்களில் மூட்டம் தரை வரை இறங்கியிருந்தது. கடுங்குளிரில் கிளைகளில் படிந்திருந்த பனி, காற்றிலிருந்த ஈரத்தைத் தன் பக்கம் இழுத்து, மூட்டத்தின் துளிகளை வற்ற வைத்துவிட்டது என்று அவருக்குப் பிடிபட்டது. மேகத்துக்குள்ளும் இதுதான் நடக்க வேண்டும்: ஒரு சில பனிப் படிகங்கள், சுற்றியுள்ள கோடிக்கணக்கான மீக்குளிர் துளிகளின் நீராவியைக் குடித்து மளமளவென்று வளர்கின்றன. இந்த எண்ணத்தின் விதையை 1911-லேயே தூவியவர், கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்ன ஆல்ஃபிரட் வேகனர்.

உலகத்து மழை எல்லாமே பனியாகப் பிறந்தது என்று இதற்குப் பொருள் இல்லை. கடலோரத்தில் தாழ்வாக வரும் மேகங்கள் பனி என்ற பேச்சே இல்லாமல், துளியோடு துளி மோதிப் பெரிதாகி மழையாவதுண்டு. நம் கோடை மேகத்தில் பனி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எந்தக் கருவியும் வேண்டாம். இடி இடிக்கிறதா என்று கேட்டால் போதும். ஜவ்வரிசி மாதிரி இருக்கும் மென்பனி உருண்டைகளும் சின்னப் பனிப் படிகங்களும் மேகத்துக்குள் ஒன்றோடொன்று உரசி விலகும்போதுதான் மின்னூட்டம் பிரிகிறது. படிகங்கள் ஒரு மின்னூட்டத்தோடு மேலே போக, உருண்டைகள் எதிர் மின்னூட்டத்தோடு கீழே தங்குகின்றன. அந்த இடைவெளியைத் தாவுவதுதான் மின்னல். வந்தவாசி வானத்தில் இடி முழங்கினால் மேலே பனி இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிடலாம்.

அந்தப் படிகம் எப்படி இருக்கும்? இதற்குப் பதில் சொன்ன கதையில் ஓர் இழை வருகிறது. நூலோடு வாழ்கிற நம் ஊர்களுக்கு அதைச் சொல்லாமல் விட மனமில்லை. ஜப்பானில் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் உகிசிரோ நகாயா என்ற இயற்பியலாளர், குளிர் அறைக்குள் செயற்கையாகப் பனிப் படிகம் வளர்க்கப் பாடுபட்டார். வானத்தில் படிகம் அந்தரத்தில் மிதந்து வளர்கிறது. ஆய்வகத்தில் அதை எதிலாவது தொங்கவிட வேண்டும். பருத்தி நூலில் வளர்த்துப் பார்த்தார். நூல் முழுக்கப் பனி அப்பி, கம்பளிப்புழு போல ஆனது. கடைசியில் கைகொடுத்தது முயலின் முடி. அதன் மேல் எண்ணெய்ப் பசையால் அங்கங்கே சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். படிகம் முடியெங்கும் அப்பாமல், ஒரு முடிச்சில் மட்டும் தொற்றிக்கொண்டு தனியாக வளர்ந்தது. 1936-இல் மனிதன் கையால் உருவான முதல் பனிப் படிகம் அது. வெப்பத்தையும் ஈரத்தையும் மாற்றி மாற்றி வளர்த்து, எந்தக் குளிரில் எந்த வடிவம் என்று அவர் ஒரு வரைபடமே போட்டார். மைனஸ் 5 டிகிரியை ஒட்டி ஊசிகள். மைனஸ் 15-ஐ ஒட்டி, வாழ்த்து அட்டைகளில் பார்க்கிறோமே, ஆறு கிளை விரிந்த அந்தப் பூ. ஆக, ஒரு படிகத்தின் வடிவத்தைப் பார்த்தால் அது எப்படிப்பட்ட காற்றில் வளர்ந்தது என்று சொல்லிவிடலாம். சேலையின் கரையைப் பார்த்து எந்த ஊர்த் தறி என்று நம்மவர்கள் சொல்வதில்லையா, அதுபோல. மைனஸ் 15 டிகிரியைக் கடந்துதான் நம் கோடை மேகமும் மேலே போகிறது.

இனி அது இறங்க வேண்டும். வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில், இறகு போல, பனி இறங்கும். பூஜ்யம் டிகிரிக் கோட்டைத் தாண்டியதும் ஓரங்கள் கரைந்து, மேலே தண்ணீர்ப் பூச்சோடு நொசநொசவென்று ஆகிறது. கொஞ்ச தூரத்தில் முழுவதும் கரைந்து துளியாகிறது. அங்கிருந்து வேகமெடுத்து விழுகிறது. இந்தக் கரைகிற இடத்தை ரேடாரில் கண்ணால் பார்க்கலாம். 2002 முதல் சென்னையில் டாப்ளர் ரேடார் இயங்குகிறது. வந்தவாசி அதன் பார்வைக்குள் இருக்கிறது. பாதி கரைந்த பனி, உருவத்தில் பெரியது, மேலே நீர் பூசியது. அதனால் ரேடார் அலையைப் பலமாகத் திருப்பி அனுப்பும். புயல் வேகம் தணிந்து மழை சீராகப் பெய்கிற நேரத்தில், மேகத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டும் படத்தில் ஐந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் கீழே ஒரு பளிச்சென்ற பட்டை தெரியும். சேலைக்குக் கரை போட்டது போல ஒரே மட்டமான கோடு. அந்தக் கோட்டுக்கு மேலே பனி, கீழே மழை.

கரைவது சும்மா நடப்பதில்லை. ஒரு டம்ளர் பனிக்கட்டி, சூடே ஏறாமல், பூஜ்யம் டிகிரியிலேயே தண்ணீராக மாறுவதற்கு எடுக்கிற வெப்பத்தைக் கொண்டு, அதே எடையுள்ள தண்ணீரை 80 டிகிரி வரை சூடாக்கலாம். காபி கலக்கப் போதுமான சூடு. உள்ளுறை வெப்பம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இதுதான். இந்த வெப்பத்தைப் பனி, சுற்றியுள்ள காற்றிடமிருந்துதான் வாங்குகிறது. அதற்கும் கீழே, மேகத்துக்கு அடியில் உள்ள வறண்ட காற்றில் துளிகள் ஆவியாகும்போது இன்னும் அதிக வெப்பம் பறிபோகிறது. நம் ஜில் காற்றில் பெரும்பங்கு அந்த ஆவியாதலுடையது, கரைந்த பனியின் பங்கு அதற்கு அடுத்தது. குளிர்ந்த காற்று கனமானது. கனமானது விழும். விழுந்து தரையில் மோதி நாலா பக்கமும் பரவுகிறது. மழைக்கு முன்னால் ஓடி வந்து கதவைத் தட்டுவது அதுதான். பத்துப் பன்னிரண்டு டிகிரி சூடு சில நிமிஷங்களில் இறங்கிவிடுவதுண்டு.

ஆரணியில் பட்டு நெய்கிறவருக்கு இந்தக் காற்று இழையில் தெரியும். பட்டு ஈரத்தைக் குடிக்கிற இழை. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதம் இருக்கும்போது நூறு கிராம் உலர்ந்த பட்டு, பதினோரு கிராம் தண்ணீரைத் தனக்குள் வைத்திருக்கும். சித்திரை வெயிலில் காற்று வறண்டால் அந்த ஈரம் குறைந்து இழை முறுக்கேறி, மிதி மிதிக்கும்போது பட்டென்று அறும். அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போடுவதற்குள் நேரம் போகும், கூலியும் போகும். தறிக்குழியின் மண் ஈரம், நீளவாக்கில் கட்டிய இழைகளான பாவுக்கு அடியில் இருப்பது இங்கே ஒரு வரம். காய்ச்சல் அதிகமான நாளில் தரையில் தண்ணீர் தெளித்துக்கொள்வதும் இதற்காகத்தான். மழைக் காற்று உள்ளே வந்ததும் நிலைமை தலைகீழாகிறது. இழை நெகிழ்ந்து பாவு தொய்கிறது. இழுத்துக் கட்டிய பதம் கைக்கு மாறுகிறது. விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட்டிருக்கும்போது எதிர்பாராத மழை வந்துவிட்டால், “சுருட்டுப்பா, சுருட்டு” என்று நாலு வீட்டு ஆட்களும் ஓடி வந்து கைகொடுப்பார்கள். பாவு ஒருவருடையதாக இருக்கலாம், அதைக் காப்பாற்றுவது தெருவின் வேலை.

பனி கரைந்து காற்றைக் குளிர்விக்கிற இதே கணக்குதான் வடநாடுகளில் வசந்தம் முடிகிற நேரத்தில் பனியைத் தரை வரை கொண்டுவந்து சேர்க்கிறது. மழை அளவில் 10 மில்லிமீட்டருக்குச் சமமான பனி கரைந்தால், ஒரு கிலோமீட்டர் உயரமுள்ள காற்றை ஏறக்குறைய மூன்று டிகிரி குளிர்விக்கும். ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ ஒரு வட ஊரில் தரையில் மூன்று டிகிரி சூடு இருக்கிறது, பூஜ்யக் கோடு சில நூறு மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் மழைதான் விழும். பெய்கிற பனி கரைந்து கரைந்து காற்றைக் குளிர்விக்கும். கடைசியில் பூஜ்யக் கோடு தரையைத் தொடும். அதுவரை மழையாக இருந்தது சட்டென்று வெள்ளையாக மாறும். முன்னால் விழுந்த பனி தன்னைக் கரைத்து, பின்னால் வருவதற்குப் பாதை போட்டுக் கொடுக்கிறது. சாயங்காலம் மழையில் நனைந்து வீட்டுக்குப் போனவர்கள் காலையில் எழுந்து பார்த்தால், பூத்த செடிகளின் மேல் பனி.

வந்தவாசியில் இதே கணக்கைப் போட்டுப் பார்த்தேன். தரையில் 38 டிகிரி, அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் வரை படிப்படியாகப் பூஜ்யம். இவ்வளவு காற்றையும், கரைகிற பனியைக் கொண்டு மட்டுமே உறைநிலைக்குக் கொண்டுவர வேண்டுமானால் 280 மில்லிமீட்டர் மழைக்குச் சமமான பனி, ஒரே மூச்சில், பக்கத்திலிருந்து கொஞ்சமும் சூடான காற்று கலக்காமல் கரைய வேண்டும். வருஷம் முழுக்க இங்கே பெய்கிற சுமார் 1,000 மில்லிமீட்டரில் கால் பங்குக்கும் மேல். நமக்கும் வடநாட்டுக்கும் உள்ள வித்தியாசம் இந்த எண்ணில் அடங்கியிருக்கிறது. மேலே பனி அங்கேயும் பெய்கிறது, இங்கேயும் பெய்கிறது. கரைத்துத் தீர்க்க வேண்டிய சூடு நமக்கு அதிகம்.

வடநாட்டில் கோடையில்கூட அது தரைக்கு வந்ததுண்டு. இங்கிலாந்தில் பக்ஸ்டன் என்ற மலையூரில் 1975 ஜூன் 2-ஆம் தேதி, டெர்பிஷைர் அணிக்கும் லங்காஷைர் அணிக்கும் நடந்த கிரிக்கெட் ஆட்டம் பனி பெய்ததால் நின்றுபோனது. ஜூன் மாதம்! நடுவராக நின்றவர் டிக்கி பேர்ட். பனிக்கு முன்பு லங்காஷைர் 477 ஓட்டங்கள் குவித்திருந்தது. பனி கரைந்து ஊறிய ஆடுகளத்தில் மறுநாள் டெர்பிஷைர் 42, 87 என்று இரண்டு முறை சுருண்டது.

நமக்கு இன்னும் நெருக்கமானது 2018 ஏப்ரல் 14. சித்திரை முதல் நாள். டொரன்டோவிலும் ஸ்கார்பரோவிலும் வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்கள் மருத்துநீர் வைத்து முழுகி, புத்தாடை உடுத்து, பெரியவர்களிடம் கைவிசேஷம் வாங்குகிற நாள். அந்த வார இறுதியில்தான் தெற்கு ஒன்டாரியோவை உறைமழைப் புயல் பிடித்தது. மேலே பனியாகப் பிறந்தது, நடுவில் ஒரு சூடான காற்றடுக்கில் கரைந்து மழையானது. தரையை ஒட்டி வடகிழக்கிலிருந்து வந்த காற்றோ உறைநிலைக்குக் கீழே. அந்த அடுக்கில் சில துளிகள் மறுபடி உறைந்து பனி மணிகளாக விழுந்தன. மற்றவை மீக்குளிர் நீராகவே வந்து, பட்ட இடத்தில் கண்ணாடி போல உறைந்தன. மரக்கிளை, மின்கம்பி, கார்க் கதவு எல்லாவற்றுக்கும் பனிக்கட்டி உறை. மின்சாரம் போனது, விமானங்கள் ரத்தாயின. அங்கே பனிக்கு ஸ்நோ என்றுதான் பேச்சு, “ஸ்நோ கொட்டுது” என்பார்கள். இயல்புதான். தமிழில் பனி என்றதும் நமக்கு மார்கழிக் காலையில் புல் நுனியில் நிற்பது நினைவுக்கு வருகிறது, வானத்திலிருந்து கொட்டுவது இல்லை.

கொட்டுவதற்கு நம்மிடம் இருக்கிற சொல் ஆலங்கட்டி. சங்கப் பாடல்களில் ஆலி. வடாற்காட்டுப் பக்கம் கல் மழை என்றும் சொல்கிறோம். ஐந்து கிலோமீட்டர் சூட்டைத் தாண்டித் தரைக்கு வர ஒரு வழிதான் உண்டு, வேகம். பனி இறகு வேகத்தில் இறங்கினால் ஒன்றரை மணி நேரம் ஆகும், அதற்குள் கரைந்துவிடும். மூன்று சென்டிமீட்டர் கல் வினாடிக்கு இருபத்தைந்து மீட்டர் வேகத்தில் மூன்றரை நிமிஷத்தில் வந்துவிடும். மேலெழும் காற்று பலமாக இருந்தால் மென்பனி உருண்டையை மேகத்துக்குள்ளேயே தாங்கிப் பிடித்திருக்கும். மீக்குளிர் துளிகள் அதன் மேல் மோதி மோதி உறைந்து கல் வளர்கிறது. வட இந்தியாவிலும் வங்கதேசத்திலும் இந்தக் கற்கள் பெருநாசம் செய்திருக்கின்றன. 1888 ஏப்ரல் 30-இல் மொராதாபாத்தில் ஆலங்கட்டி விழுந்து 246 பேர் இறந்தார்கள். 1986-இல், அதுவும் ஏப்ரல் 14-ஆம் தேதி, வங்கதேசத்தின் கோபால்கஞ்சில் 1.02 கிலோ எடையுள்ள கல் விழுந்தது, உலகிலேயே எடை மிகுந்தது என்று பதிவானது. நம் பக்கம் வருபவை பெரும்பாலும் கோலிக்குண்டை விடச் சிறியவை. புறப்படும்போது இன்னும் பெரிதாக இருந்து, வழியில் தேய்ந்தவை.

அடுத்த முறை கல் மழை பெய்தால், இடி ஓய்ந்தபின் வாசலில் கிடக்கிற ஒரு கல்லை எடுத்துக் கத்தியால் இரண்டாகப் பிளந்து பாருங்கள். வெங்காயம் போல அடுக்குகள் தெரியும். கண்ணாடி போலத் தெளிந்த அடுக்கில் நீர் மெல்லப் பரவி உறைந்திருக்கிறது. பால் போல வெளுத்த அடுக்கில் துளிகள் பட்டவுடனே உறைந்து காற்றுக் குமிழ்களைச் சிறைப்பிடித்திருக்கின்றன. நட்டநடுவில், அரிசி நுனி அளவுக்கு, பெரும்பாலும் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். கல் முதலில் தொடங்கிய மென்பனி உருண்டை அது. சுற்றியிருந்த பனிக்கட்டி அதைச் சூடு படாமல் பொத்திக் கொண்டுவந்திருக்கிறது. வந்தவாசிக்கு மேலே பெய்த பனியில் தரைக்கு வந்து சேர்ந்தது அந்தப் புள்ளி மட்டும்தான். சீக்கிரம் பார்க்க வேண்டும். கோரையை அள்ளி உள்ளே போட்டுவிட்டு நனைந்தபடி நிற்கிற பிள்ளைகள் அதற்குள் கல்லைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டிருப்பார்கள்.